வாத்தியாரை மச்சானாக்கப் போன கதை

தொம்மை,

கொழும்பில் நீ சௌக்கியமாக இருக்கிறாய், சித்தி வீட்டுச் சாப்பாட்டில் கன்னம் உப்பிவிட்டது என்று தோணிக்காரர்கள் வந்து சொன்னார்கள். கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. வீட்டைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனவன் அங்கே கன்னம் உப்பிக்கொண்டிருக்கிறான் என்றால் பெற்றவளுக்கு எரியாதா? சித்தி வீட்டில் கடிதம் வந்தால் எல்லோரும் கூடி உட்கார்ந்து ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கிற வழக்கம் எனக்குத் தெரியும். வாசிக்கட்டும். சித்தப்பா, கடையில் வேலை செய்கிறவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் கேட்கட்டும். உன் கதை ஏற்கெனவே மாப்பிள்ளையூரணி வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டது. இனி மூடி மறைக்க என்ன இருக்கிறது? பொழுது சாய்வதற்குள் தோணி புறப்படுகிறது. அதை ஓட்டுகிற தண்டலிடம் இதைச் சேர்த்துவிட வேண்டும். உட்கார்ந்து எழுத வருகிறேன், நாலு வரி எழுதுவதற்குள் எழுந்து வாசலுக்குப் போய்க் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கிறேன், திரும்பி வருகிறேன். என் கையெழுத்து கோணலாக இருந்தால் அதற்குக் காரணம் வயசு இல்லை.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதக் கடைசிக்குள் நீ திரும்பி வந்து வகுப்பில் உட்காராவிட்டால் உன்னைப் பரீட்சைக்கு அனுப்பமாட்டார்கள். அத்தனை வருஷம் படித்தது வீணாகும். நீ "போனால் போகட்டும்" என்று சித்தப்பா கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறாயாம். உன் கோபம் நியாயமான கோபம். அதை இல்லை என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. நீ போன பிறகு இங்கே சில காரியங்கள் நடந்திருக்கின்றன. அவை தெரியாமல் நீ ஒரு முடிவு எடுத்துவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

உன் அப்பா செய்தது எங்கிருந்து வந்தது என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அது நீ சொன்ன ஒரு வார்த்தையிலிருந்து வந்தது. கல்லூரிக்குப் போன முதல் வருஷம் விடுமுறைக்கு வந்திருந்தாய். விடுதியில் உன் பெட்டியில் கருவாடு இருந்ததென்று வார்டன் எல்லார் முன்னாலும் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னதையும், பையன்கள் மூக்கைப் பிடித்ததையும் சொன்னாய். சொல்லிவிட்டு, "அங்கன எனக்கு ஆளு இல்லம்மா" என்றாய். நான் அதைக் கேட்டு அழுதேன், அதோடு விட்டேன். உன் அப்பா அழவில்லை. வலையில் மாட்டின முள்ளைப் போல அந்த வார்த்தை அவரிடம் மாட்டிக்கொண்டது. "பயலுக்கு அங்கன ஆளு இல்லையாம்ளா" என்று சாப்பிடும்போதும் சொல்வார், படுக்கும்போதும் சொல்வார்.

அவருக்கு ஆள் என்றால் என்ன அர்த்தம் என்று நீ யோசித்துப் பார்க்க வேண்டும். சங்கு குளிக்கப் போகிறவர் அவர். கல்லைக் காலில் கோத்துக்கொண்டு இறங்கினால், மேலே தோணியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் கையில்தான் உயிர். கயிறு அசைந்ததும் அவன் இழுக்க வேண்டும். அதனால்தான் நம் கரையில் பெண்டாட்டியின் உடன்பிறந்தவனைக் கயிறு பிடிக்க வைக்கிறார்கள். கூடப் பிறந்தவள் தாலி அறுக்க எந்த அண்ணனும் சம்மதிக்க மாட்டான் என்கிற கணக்கு. என் கல்யாணமே அப்படிப் பேசி முடித்ததுதான். உன் அந்தோணி மாமா கயிறு பிடிப்பதில் கெட்டிக்காரர் என்று கரை முழுக்கப் பேச்சு. உன் அப்பா வீட்டார் அவரைத் தேடி வந்தார்கள், அவருக்குத் தங்கை ஒருத்தி இருந்தாள், முடிந்தது. மாப்பிள்ளை எப்படி என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. நல்ல மனுஷர் கிடைத்தார், அது என் அதிர்ஷ்டம். ஆனால் கேட்கவில்லை என்பது கேட்கவில்லைதான்.

இரண்டாம் வருஷம் உங்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கப் புதிதாக ஒருவர் வந்தார். அவரைப் பற்றி நீ இந்த வீட்டில் பேசின பேச்சு இன்னும் என் காதில் இருக்கிறது. வகுப்பில் நீ உடைந்த இங்கிலீஷில் ஒரு சந்தேகம் கேட்டாயாம், எல்லோரும் சிரித்தார்களாம். அவர் மட்டும் சிரிக்காமல், "நல்ல கேள்வி, இதை நான் ஒழுங்காக விளக்கவில்லை" என்று சொல்லி அந்த மணி முழுக்க உன் கேள்வியையே எடுத்து நடத்தினாராம். அதைச் சொல்லும்போது உனக்குச் சோறு இறங்கவில்லை, கையை ஆட்டி ஆட்டிப் பேசினாய். அவர் மணப்பாட்டுக்காரர், நம் ஆட்கள்தான் என்று நீ சொன்னது கடைசியில்தான், அதுவும் போகிறபோக்கில். ஆனால் உன் அப்பா காதில் அந்தக் கடைசி வார்த்தை மட்டும்தான் விழுந்தது. விசாரித்தார். அந்த வாத்தியாருக்குக் கல்யாண வயசில் ஒரு தங்கை இருக்கிறாள் என்று தெரிந்ததும் அன்று முழுக்க மனுஷர் விசில் அடித்துக்கொண்டு திரிந்தார்.

நாங்கள் மூன்று பேர் ரயில் ஏறிப் போனோம். உன் அப்பா, மாமா, நான். தட்டு, பழம், வெற்றிலை எல்லாம் நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்; அதை மறைக்க மாட்டேன். வாத்தியார் வீடு சின்ன வாடகை வீடு. மேசை நிறைய விடைத்தாள். எங்களைப் பார்த்ததும் தாள்களை அள்ளி நாற்காலியில் வைத்துவிட்டு எங்களைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார். உன் அப்பாவுக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. "தம்பி, நம்ம பய உங்ககிட்டதான் படிக்கான். உங்க தங்கச்சிய நம்ம வீட்டுக்குக் கேட்டு வந்திருக்கோம். சீதனம்னு ஒரு சல்லி வேண்டாம்" என்றார். வாத்தியார் முகம் வெளுத்துப் போனது. ரொம்ப நேரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தொம்மை படிப்பு முடியட்டுமே. பொறகு பேசலாம்" என்றார். அதற்குள் குசினியிலிருந்து அந்தப் பெண் பிலோமி காப்பி கொண்டு வந்தாள். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு என் முன்னால் வந்ததும் நேராக என் கண்ணைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எனக்கு என்னவோ செய்தது. ஆனால் நான் காப்பியை வாங்கிக் குடித்துவிட்டேன்.

திரும்பி வரும்போது ரயிலில் உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "வேண்டாம்னு சொல்லல பாத்தியா? இனி பயலுக்கு ஒரு குறையும் வராது. வாத்தியாரே மச்சான்" என்று என் தோளில் தட்டினார். உன்னிடம் சொல்ல வேண்டாம், படிக்கிற பையன் மனசு கலையும் என்று அவர்தான் சொன்னார். உன்னிடம் சொல்லாத அதே வாய், சங்குக் கொட்டகையில் நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னது. அதில் ஒருவரின் தங்கை மகன் உன் விடுதியில் இருந்தான். அப்புறம் நடந்தது உனக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும். அரையாண்டுப் பரீட்சையில் நீ முதலாவதாக வந்தாய். சென்னைக்கு மேல்படிப்புக்கு உன் பெயரைத்தான் கல்லூரி சொல்லும் என்று ஆனது. அன்றைக்கே மெஸ்ஸில் ஒருவன் "மச்சான் மார்க்கு" என்று பெயர் வைத்தான். நீ சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனாயாம். வாத்தியாரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே ரயில் ஏறி வீட்டுக்கு வந்து, டிரங்குப் பெட்டியைத் தொப்பென்று போட்டு, "நீங்க பொண்ணு கேட்டது எனக்கா, மார்க்குக்கா?" என்று உன் அப்பாவைப் பார்த்துக் கேட்டாய். மறுநாள் நீ தோணியில்.

நீ போன பிறகு நான் ஒரு விஷயத்தை விடாமல் யோசித்தேன். நூறு பேர் படிக்கிற இடத்தில் ஒருத்தன் வாய்க்கு வந்ததைச் சொன்னால் மற்ற அத்தனை பேரும் ஏன் உடனே நம்பினார்கள்? உன் சிநேகிதன் மொகிதீன் காயல்பட்டினத்திலிருந்து ஒரு தடவை வந்திருந்தபோது சொன்னது ஞாபகம் வந்தது. யுத்த காலத்தில் பையன்கள் வெள்ளைக்காரனை எதிர்த்து வகுப்புக்குப் போகாமல் வேலைநிறுத்தம் செய்தபோது, யார் பெயரும் வெளியே போகாது, வகுப்புக்குத் திரும்புங்கள் என்று உங்கள் கல்லூரியில் பலகையில் எழுதிப் போட்டார்களாம். நம்பித் திரும்பினவர்களில் மொகிதீனின் அண்ணனும் ஒருவன். பெயர்கள் போலீசுக்குப் போயின. அதற்குப் பிறகு அந்தப் பலகையில் விடுமுறை என்று எழுதினால்கூடப் பையன்கள் இரண்டு பேரிடம் விசாரித்த பிறகுதான் ஊருக்குக் கிளம்புவார்களாம். அந்த வருஷம் படித்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள், ஆனால் நம்பாத பழக்கம் மட்டும் விடுதியில் தங்கிவிட்டது. பெரியவர்கள் சொல்வதை நம்ப முடியாத இடத்தில் மெஸ்ஸில் பேசுவதுதான் வேதமாகிறது. இதில் அந்தப் பையன்களை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்? உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உன் கேள்வியை மதித்த மனுஷரிடம் ஒரு கேள்வி கேட்காமல், மெஸ்ஸில் கேட்டதை வைத்துக்கொண்டு நீயும் கிளம்பினாயே.

இப்படி யோசித்து யோசித்து எனக்கு இருப்பு கொள்ளவில்லை. ஒரு நாள் காலையில் கரைக்குப் போனேன். உன் மாமா மணலில் கயிற்றை நீளமாக விரித்து, இற்றுப்போன இடம் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டேன்: "அண்ணே, நான் உன் தங்கச்சியா இல்லாம இருந்தா, அவரு கயிற இழுத்திருப்பியா, மாட்டியா?"

"ஏளா, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?" என்றார்.

"கேக்கேன்லா, சொல்லு."

"அங்கன கயிறு அசையும்போது உன் மூஞ்சி எனக்கு ஞாபகத்துக்கு வந்துக்கிட்டு இருந்தா அவரு செத்துல்லா போயிருப்பாரு. அசைஞ்சா இழுக்கணும். கை தானா இழுக்கும். அதுல தங்கச்சி என்ன, தம்பி என்ன? கீழக்கரைக்காரன் ஒருத்தனுக்கு ஒரு சீசன் முழுக்கப் பிடிச்சேன். அவன் யாரு எனக்கு? அவனும் மேல வந்தான்." என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "என்ன ஒண்ணு, மச்சான் ஆன பொறகு உங்க வீட்டுல எனக்கு மீன் பெரிய துண்டா விழுது" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்ப என்னை எதுக்கு நடுவுல இழுத்து முடிச்சுப் போட்டீங்க?" என்று சத்தம் போட்டுவிட்டேன். கரையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உன் மாமா கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார். வீட்டுக்கு வந்தேன், புடவையை மாற்றினேன், யாரிடமும் சொல்லாமல் ஸ்டேஷனுக்கு நடந்தேன். இந்த வயசில் தனியாக ரயில் ஏறினது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் எங்கே போகிறாய் என்று கேட்டாள். ஒரு சம்பந்தத்தை முறிக்கப் போகிறேன் என்றேன். அவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

வாத்தியார் வீட்டில் இருந்தார். என்னைத் தனியாகப் பார்த்ததும் பயந்துவிட்டார், உனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார். பிலோமி குசினி வாசலில் வந்து நின்றாள். நான் உட்காரவில்லை. "என் மகனுக்கு நீங்க போட்ட மார்க்கு நியாயமான மார்க்கா? மாதா மேல ஆணையாச் சொல்லுங்க" என்று கேட்டேன். இப்படி ஒரு பேராசிரியரிடம் கேட்கிற தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போதும் தெரியவில்லை. கன்னியர் பள்ளிக்கூடத்தில் எட்டாவது படிக்கும்போது டீச்சரிடம் தண்ணீர் குடிக்கப் போகலாமா என்று கேட்கவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அவர் இல்லை என்றார். நீ கேள்விப்பட்டது உண்மைதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் அவர் சொன்னது வேறு. "உங்க வீட்டுக்காரர் வந்துட்டுப் போன பொறகு, தொம்மை பேப்பரை எடுத்தாலே எனக்குக் கை ஓடலம்மா. சரியாப் போட்டாக்கூட உறவுக்காகப் போட்டேன்னுதான் ஊரு சொல்லும். ரெண்டு கணக்குக்கு முழு மார்க்கு குடுத்திருக்கணும். குறைச்சுட்டேன். குறைச்ச பொறகும் அவன்தான் முதல்ல வந்தான்" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

எனக்கு வந்த கோபத்தை எப்படி எழுதுவது? கூடுதலாகப் போட்டிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. "அப்ப நீங்க என் மகனுக்கு மார்க்குப் போடல. ஊர் வாய்க்குல்லா போட்டிருக்கீங்க" என்றேன். "வேண்டாம்னு அன்னைக்கே எங்க முகத்துக்கு நேரா சொல்லியிருந்தா இந்தப் பாடு உண்டா?"

"தங்கச்சிக்கு வயசு ஏறுது. சீதனம் வேண்டாம்னு ஒரு வீடு தேடி வந்தா, எந்த அண்ணன் வேண்டாம்பான்? அதுக்காக வேணும்னும் சொல்ல முடியல. நான் பாடம் சொல்லிக் குடுக்கிற பையன்லா."

அப்போதுதான் பிலோமி பேசினாள். "அண்ணன் வேண்டாம்னும் சொல்லல, வேணும்னும் சொல்லல. ரெண்டுக்கும் நடுவுல நான் காப்பி கொண்டு வந்தேன்." சத்தம் போட்டுச் சொல்லவில்லை. உன்மேல் தனக்கு ஒரு வெறுப்பும் இல்லை, உன்னைப் பார்த்ததே இல்லை, டீச்சர் டிரெயினிங் படிக்க வேண்டும் என்று இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றாள். நான் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கல்யாணத்தின்போது நான் சொல்லாமல் விட்டதை இவள் சொல்லிவிட்டாளே என்று எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சம்பந்தம் முறிந்தது தொம்மை, அங்கேயே, நான் முறித்தேன். உன் அப்பா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை, பிறகு பேசினார்.

கிளம்பும்போது வாத்தியாரிடம் சொன்னேன்: "எங்கிட்ட சொன்னத வகுப்புல சொல்லுங்க. என் மகன் கெட்ட பேரு வாங்கினது அந்தப் பயலுவ நடுவுலதான்." அவர் முகம் மறுபடியும் வெளுத்தது. மார்க்கை வேண்டுமென்றே மாற்றினேன் என்று வாத்தியார் தன் வாயாலேயே சொன்னால் பிரின்ஸிபாலாக இருக்கிற பாதிரிச் சாமி சும்மா விடுவாரா, வேலை போய்விடும் என்றார். அதுவும் நியாயம்தான். வாடகை வீடு, கல்யாணம் ஆகாத தங்கை, ரேஷன் அரிசி. திரும்பும்போது ரயிலில், இவர் சொல்லமாட்டார், நாம் இவ்வளவு தூரம் வந்தது வீண் என்றுதான் நினைத்தேன்.

நேற்று முன்தினம் மொகிதீன் வந்தான். வாசலிலேயே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான். போன வாரம் வாத்தியார் வகுப்புக்கு வந்தாராம், கரும்பலகைப் பக்கம் போகவே இல்லையாம். இங்கிலீஷில் ஆரம்பித்தாராம், பாதியில் நின்றுவிட்டதாம். பிறகு தமிழில் சொன்னாராம். உங்கள் வகுப்பில் அவர் தமிழில் பேசினது அதுதான் முதல் தடவையாமே? பெண் கேட்டு வந்ததையும், தான் மழுப்பினதையும், பயந்து மார்க்கைக் குறைத்ததையும் ஒன்று விடாமல் சொன்னாராம். பின் பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "அப்ப எங்க பேப்பர்லயும் இப்படித்தானா சார்?" என்று கேட்டானாம்.

இதைக் கேட்டதும் எனக்குத் திக்கென்றது. நான் ஒரு பையனுக்காகச் சொல்லச் சொன்னேன். அவர் சொன்னதும் வகுப்பு முழுக்கச் சந்தேகம் தொற்றிக்கொண்டது. "என்ன சொன்னாருலே?" என்று மொகிதீனைக் கேட்டேன்.

"கண்ணாடியக் கழட்டி மேசையில வச்சாரும்மா. பொறகு, 'எனக்கே தெரியல. எல்லாரும் பேப்பரைக் கொண்டு வாங்க, சேர்ந்து பாப்போம்'னு சொன்னாரு."

அன்றையிலிருந்து சாயந்தரம் வகுப்பு முடிந்ததும் பையன்கள் தாளை எடுத்துக்கொண்டு போகிறார்களாம். ஒவ்வொரு கணக்காக எடுத்து, இதற்கு ஏன் இந்த மார்க்கு என்று கேட்கிறார்களாம், அவர் சொல்கிறாராம், இவர்கள் மல்லுக்கு நிற்கிறார்களாம். சத்தம் அடுத்த கட்டடம் வரை கேட்கிறதாம். முன்பெல்லாம் அவர் வகுப்பில் மூச்சுச் சத்தம்கூட வராதாமே. சிலருக்கு மார்க்கு கூடியிருக்கிறது. "மச்சான் மார்க்கு" என்று பெயர் வைத்தானே, அவனுக்கு இரண்டு குறைந்துவிட்டதாம். சண்டை போட்டுப் பார்த்துவிட்டு, தப்பு தன்னுடையதுதான் என்று ஒத்துக்கொண்டானாம். சொல்லிவிட்டு மொகிதீன் விழுந்து விழுந்து சிரித்தான். பிரின்ஸிபால் சாமிக்கும் விஷயம் போய்விட்டது. இந்த வருஷம் இனி வருகிற பரீட்சை எதற்கும் அவர் விடைத்தாள் திருத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். வேலை நிற்குமா போகுமா என்பது வருஷ முடிவில்தான் தெரியுமாம். அவருக்காக இரக்கப்பட்டு நீ வர வேண்டாம். அவர் செய்தது தப்புதான், அதற்கான விலையை அவர் கொடுக்கிறார்.

அங்கே இப்போது நடக்கிறதற்குப் பெயர் நம்பிக்கையா சந்தேகமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முன்பு பேசாமல் தலையாட்டினவர்கள் இப்போது வாதாடுகிறார்கள். ஆனால் வாதாடுகிறவர்கள் அவரிடமே போய் வாதாடுகிறார்களே, மெஸ்ஸில் உட்கார்ந்து முணுமுணுக்கவில்லையே என்று ஒரு பக்கம் ஆறுதலாக இருக்கிறது. ஒரு வாத்தியார் பெரிய படிப்புப் படித்தவர், நம் ஊர்க்காரர், நம் சாதிக்காரர் என்பதெல்லாம் அவர் வாசல் வரைக்கும்தான் உதவும் போலிருக்கிறது. உள்ளே போய் "இது ஏன்?" என்று கேட்டால் பதில் வருமா என்பதுதான் விஷயம். இதைக்கூட உறுதியாகச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அவரை நம்பு என்று உன்னிடம் சொல்லமாட்டேன். ஒரு மனுஷரை நம்பு என்று இன்னொருத்தி எப்படிச் சொல்ல முடியும்? நம்பிக்கையைச் சம்பந்தம் பேசி உண்டாக்கப் பார்த்துத்தானே இந்த வீடு இந்தக் கதிக்கு வந்தது.

மொகிதீன் போகும்போது ஒன்று கேட்டான். "தொம்மை பேப்பர் மட்டும்தாம்மா இன்னும் வரல. இங்கனதான் இருக்கும். எடுத்துக் குடுங்க, நான் கொண்டு போய் சார்கிட்ட காட்டுதேன்." உன் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். சட்டைகளுக்கு அடியில் கசக்கிப் போட்டிருந்தாய். தரையில் வைத்து உள்ளங்கையால் நீவி நீவி நேராக்கினேன். ஒரு எழுத்தும் எனக்குப் புரியவில்லை, எல்லாம் இங்கிலீஷும் கணக்குமாக இருந்தது. உன் கையெழுத்து மட்டும் தெரிந்தது. உன் அப்பா பின்னால் வந்து நின்றுகொண்டு, "குடுத்து விடேன்ளா. பயலுக்கு மார்க்கு கூடும்லா. அவன் வரதுக்குள்ள எல்லாம் சரியாயிரும்" என்றார். மொகிதீன் கையை நீட்டிக்கொண்டு நின்றான். எனக்கும் கொடுத்துவிடலாம் என்றுதான் தோன்றியது. கொடுத்தால் ஒரு வாரத்தில் உன் பெயர் சுத்தமாகிவிடும், நீ வருவதற்கு ஒரு தடையும் இருக்காது.

கொடுக்கவில்லை. மொகிதீனை வெறுங்கையோடு அனுப்பினேன். உன் அப்பாவுக்குக் கோபம். நேற்றிலிருந்து தோணி எப்போது புறப்படுகிறது என்று கேட்டுக் கேட்டு என் உயிரை வாங்குகிறார், ஆனால் கடிதத்தில் என்ன எழுதுகிறாய் என்று மட்டும் கேட்கவில்லை. உனக்குத் தெரியாமல் உனக்காக ஒன்று செய்தோம், அதன் லட்சணத்தைப் பார்த்தாயிற்று. இன்னொன்றும் அப்படியே செய்ய என் கை வரவில்லை. விடைத்தாள் உன் பெட்டியில் மேலேயே இருக்கிறது, பூட்டவில்லை. வரமாட்டேன் என்றால் அது அங்கேயே கிடக்கட்டும், நான் தொடமாட்டேன். வந்தால் நீயே எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் விரித்து வைத்து, எந்த இடத்தில் குறைத்தீர்கள் என்று உன் வாயால் கேள்.

அம்மா